லெப்டினன்ட் அமாரோ கெட்டுப்போகட்டும்

சான் இரினேயோ,
பிப்ரவரி 3, 1989

இலோய்லோ வானொலியில் ‘ஏழாவது பாலம்’ நாடகம் எழுதும் திரு. நெமேசியோ ஆர்த்தெல் அவர்களுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் இருக்கிறோம்.

முதலில் வெட்கக்கேடான ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் உங்கள் நாடகத்தில் லெப்டினன்ட் அமாரோவின் தங்கை கிளாரிட்டா ஆற்றில் விழுந்து செத்தாளே, அவள் ஆன்மா இளைப்பாற எங்கள் கோயிலில் பூசை வைத்தேன். பெயரென்ன என்று கேட்டார்கள். “கிளாரிட்டா அமாரோ” என்று கூசாமல் சொன்னேன். பங்குச்சாமியார் ஊருக்குப் புதிது. அவரிடம் ரேடியோவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் கணீரென்று வாசித்துவிட்டார். பாதிக் கோயில் விசும்பியது. மீதிப் பாதி என்னைத் திரும்பிப் பார்த்தது. பூசை முடிந்ததும் சாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களுக்கு எப்படி உறவும்மா?” என்று கேட்டார். “தூரத்து உறவு, சாமி” என்றேன். சுத்தப் பொய் என்று சொல்ல முடியாது; உங்கள் நிலையம் இங்கிருந்து பஸ்ஸில் அரை நாள்.

இப்படிப்பட்ட ஒருத்தி எழுதுவது என்று தெரிந்தே மேலே படியுங்கள்.

மூன்று வருடமாக அமாரோ யாரிடமும் ஒரு சிகரெட்கூட ஓசியில் வாங்கியதில்லை. அந்தப் போலீஸ் மனுஷன் நேற்று, பணக்கார டான் செவெரினோ ஒருவனைச் சுட்டுக் கொன்ற வீட்டுக் கூடத்தில் கிடந்த தோட்டாவைக் குனிந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்கிறார்! அதோடு விட்டாரா? செத்தவனின் மனைவியிடம் போய், “ஒன்றும் கிடைக்கவில்லை அம்மா” என்கிறார். அதே குரலில்! எந்தக் குரலை நம்பி நாங்கள் மத்தியான வேலையை எல்லாம் ஐந்தரைக்குள் முடித்து வைக்கிறோமோ, அதே குரலில்! பக்கத்து வீட்டு பசிங் ரேடியோ மேல் கரண்டியை விட்டெறிந்தாள். அது மாமியார் மேல் பட்டுவிட்டது. இப்போது அந்த வீட்டில் அமாரோ இரண்டாவது பிரச்சினை. எங்கள் தெருவில் எல்லா ஜன்னலிலும் உங்கள் நாடகம்தான். ஒருவர் தெருக்கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்தால் ஒரு வசனமும் தப்பாது. நேற்று நடந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள்.

நான் யாரென்று சொல்லவில்லையே. வீட்டு ஜன்னலிலேயே பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். என் கணவர் கௌடென்சியோ சேவல்கட்டில் பந்தயம் பிடிக்கிறவர். களத்தில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்பதால் இந்த வேலைக்காரர்களை ஊரில் ‘கிறிஸ்து’ என்பார்கள். சாமியாருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. சீட்டும் கிடையாது, எழுத்தும் கிடையாது. எந்த மூலையில் யார் எந்தச் சேவலுக்குக் கை காட்டினான் என்பது முழுக்க அவர் தலைக்குள் இருக்கும். உப்பு வாங்கி வரச் சொன்னால் மட்டும் மறந்துவிடுவார். அவரும் உங்கள் ரசிகர். ஐந்தரை ஆனால் ரேடியோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அவ்வளவு பக்தி. அமாரோ காட்டுகிற வழிதான் அவருக்கு வழி என்பது என் கணிப்பு.

ஆகையால் கேட்கிறேன். அமாரோ கோர்ட்டில் ஏறி டான் செவெரினோவுக்கு எதிராகச் சாட்சி சொல்வாரா, மாட்டாரா? எனக்கு மட்டும் சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன். (இதை நான் சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். ஆனாலும் சொல்ல மாட்டேன்.)

மரியாதையுடன்,
பிரிமிதிவா (ஊரில் எல்லோரும் கூப்பிடுவது திபாங்)

பின்குறிப்பு: எங்கள் கடைக்கு எதிரே நம்பர் பலகை இல்லாத ஒரு ஜீப் நிற்கிறது. உள்ளே இரண்டு பேர். ஐந்தரை ஆனால் அவர்களும் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறார்கள். உங்கள் ரசிகர்கள் எங்கெல்லாம் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவீர்களே என்று எழுதினேன்.

*

இலோய்லோ,
பிப்ரவரி 9

அன்புள்ள திருமதி திபாங்,

உங்கள் கடிதத்தை நிலையத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கிளாரிட்டாவாக நடித்த பெண் பூசைக்கு நன்றி சொல்லச் சொன்னாள். அவள் இப்போது வேறொரு நாடகத்தில் கன்னியாஸ்திரீயாக இருக்கிறாள். உங்கள் பூசை பலித்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

அமாரோவைப் பற்றி. அம்மா, மூன்று வருடம் ஒருவன் நேராகவே நடந்தால் நாடகம் எழுதுகிறவன் பிழைக்க முடியாது. கொஞ்சம் வளைந்தால்தான் நிமிரும்போது கேட்க நன்றாக இருக்கும். தொழிலில் இதெல்லாம் உண்டு. இதற்குமேல் ஏதாவது காரணம் இருந்தாலும் அதைக் கடிதத்தில் எழுதுவதற்கில்லை.

முடிவைச் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். என் மனைவிக்கே நான் சொல்வதில்லை. மன்னியுங்கள்.

உங்கள் பின்குறிப்பை இரண்டு தடவை படித்தேன். அந்த ஜீப் இன்னும் நிற்கிறதா?

தங்கள்,
நெ. ஆர்த்தெல்

*

சான் இரினேயோ,
பிப்ரவரி 14

ஆர்த்தெல் ஐயா அவர்களுக்கு,

நிற்கிறது.

எத்தனையோ பேர் கடிதம் எழுதியிருப்பார்கள், அதில் ஜீப்பைப் பற்றிக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். எங்கள் தெருவில் ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த ஜீப் நிற்கும் இடத்தில் எதுவுமே இல்லாததுபோல் சுற்றிக்கொண்டு போகிறார்கள். எங்கள் வீட்டு நாயும் அதைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டது. அதனால் உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேவல்கட்டில் இரண்டு சேவல்களும் ஒன்றாகச் செத்தன. நடுவர் சமன் என்று சொல்லிவிட்டார். மேயரின் அக்காள் மகன் ரஃபா, தன் சேவல்தான் கடைசியாகக் கொத்தியது என்று குதித்தான். சேவல் காலில் கத்தி கட்டும் லூபோ, “இல்லீங்க சின்னவரே, கொத்தலை” என்றான். அவ்வளவுதான் சொன்னான். ரஃபா அவனைச் சுட்டுவிட்டான்.

களம் நிறைய ஜனம். எல்லோரும் சேவலைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இரண்டும் அதற்கு முன்பே செத்துக் கிடந்தன. செத்த சேவலை இவ்வளவு கவனமாகப் பார்க்கிற ஊர் உலகத்தில் வேறு இருக்காது. ஆனால் என் வீட்டுக்காரர் வேலை சேவலைப் பார்ப்பதல்ல. ஆட்களின் கைகளைப் பார்ப்பது. ரஃபாவின் கையையும் பார்த்துவிட்டார். லூபோவின் பெண்டாட்டி சாட்சி என்று இவர் பெயரைக் கொடுத்திருக்கிறாள். மார்ச் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை விசாரணை.

ஜீப்பில் இருக்கும் இரண்டு பேரில் குண்டாக இருப்பவன் மரியாதைக்காரன். முந்தாநாள் கடைக்கு வந்தான்.

“அக்கா, ரெண்டு சிகரெட்.”

கொடுத்தேன்.

“அண்ணனுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தின்னு ஊரே பேசிக்குது.”

“சேவல் விஷயத்துல மட்டுந்தான் தம்பி. கல்யாண நாள் என்னிக்குன்னு கேட்டுப் பாரு, திருதிருன்னு முழிப்பாரு.”

“அதேதான் அக்கா. விசாரணையன்னிக்குக் கோர்ட்டுல அதே மாதிரி முழிச்சாப் போதும். ‘ஞாபகம் இல்லீங்க.’ வேற ஒரு வார்த்தை பேச வேணாம்.”

“ஞாபகம் இருந்துட்டா?”

அவன் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு என் கடைக் கூரையை அண்ணாந்து பார்த்தான். ஓலைக் கூரை.

“நல்லாக் காஞ்சு கெடக்கே அக்கா. மழை பேஞ்சு ரொம்ப நாளாச்சோ?” என்றான். பிறகு தீக்குச்சியை ஊதி அணைத்து, என் உள்ளங்கையில் பத்திரமாக வைத்துவிட்டுப் போனான். அப்படியும் பாருங்கள், சிகரெட்டுக்குக் காசு வாங்க மறந்துவிட்டோமே என்றுதான் முதலில் தோன்றியது. என் புத்தி அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

“கேட்டியாய்யா? கூரையைப் பத்திப் பேசிட்டுப் போறான்!”

“ம்.”

“கோர்ட்டுல என்ன சொல்லப் போறே?”

“சோறு போடு.”

“உன்னைத்தான்யா கேக்கறேன். என்ன சொல்லப் போறே?”

“கருவாடு இருக்கா?”

இவ்வளவுதான் அவர் வாயிலிருந்து வருவது. ஐந்தரைக்கு ரேடியோ பக்கத்தில் போய்க் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமாரோ பேசப் பேச அவர் உதடு லேசாக அசைகிறது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அமாரோ கோர்ட்டில் ஏறி உண்மையைச் சொன்னால் இவரும் ஏறிச் சொல்லிவிடுவார். சொன்னால் லூபோவுக்குப் பக்கத்துக் குழி இவருக்கு.

ஐயா, முதல் கடிதத்தில் நேர்மை நேர்மை என்று குதித்தேனே, அதை அடித்துவிடுங்கள். அமாரோ கெட்டுப்போகட்டும். முழுக்கக் கெட்டுப்போகட்டும். டான் செவெரினோவின் மகளைக் கட்டிக்கொள்ளட்டும், கார் வாங்கட்டும், எனக்கென்ன. விசாரணைக்கு முன்னால் அவர் வாயால் “எனக்கு ஞாபகம் இல்லை” என்று சொல்ல வைத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த நல்ல மனுஷர் இரண்டே பேர். ஒருவர் ரேடியோவுக்குள் இருக்கிறார், அவரைக் கொன்றாலும் ரத்தம் வராது.

தலைவணங்கிக் கேட்கும்,
திபாங்

*

இலோய்லோ,
பிப்ரவரி 20

அன்புள்ள திருமதி திபாங்,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. நீங்கள் ஒளிக்காமல் எழுதினீர்கள். நானும் எழுதிவிடுகிறேன், படித்ததும் அடுப்பில் போடுங்கள்.

‘கொஞ்சம் வளைந்தால்தான்’ என்று முன்பு எழுதினேனே, அது பொய். தோட்டாவைப் பையில் போட்டுக்கொண்டது அமாரோ அல்ல. டான் செவெரினோவைப் போல ஒருவர் இந்த நகரத்தில் நிஜமாகவே இருக்கிறார். என் நாடகத்துக்கு நடுவில் வரும் சோப்பு விளம்பரம் அவருடையது. அவர் ஆள் ஒருவர் கேக் பெட்டியோடு நிலையத்துக்கு வந்தார். என் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், எந்த வழியாக வீட்டுக்கு வருகிறார்கள் என்று அன்போடு விசாரித்தார். அடுத்த வாரம் அமாரோ குனிந்து தோட்டாவை எடுத்துக்கொண்டார். அந்தக் கேக்கை நிலையத்தில் எல்லோரும் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன்.

அதன் பிறகு மூட்டை மூட்டையாகக் கடிதங்கள். “அமாரோ ஏன் இப்படி ஆனார்?” என்று திட்டாத ஆளில்லை. ஒரு மீனவர் எழுதியிருக்கிறார், தன் படகுக்கு வைத்திருந்த அமாரோ என்ற பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டாராம். உங்கள் முதல் கடிதம் படித்த அன்று எனக்கு ரோஷம் வந்தது. மார்ச் இரண்டாம் தேதி அமாரோ கோர்ட்டில் பையிலிருந்து தோட்டாவை எடுத்து மேசைமேல் வைப்பதாக எழுதி முடித்துவிட்டேன். மூன்று வருடத்தில் நான் எழுதிய நல்ல பக்கம் அதுதான். கேக் கொண்டுவந்தவர் வந்தால் வரட்டும் என்று இருந்தேன்.

அப்புறம் உங்கள் இரண்டாவது கடிதம்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். அமாரோவாக நடிப்பவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு மைக்கை விட்டு எழுந்துவிட்டார்.

“இதை நான் பேசமாட்டேன் அண்ணே. எங்கம்மா கேப்பாங்க.”

“உங்கம்மாவுக்காகவாடா நான் நாடகம் எழுதறேன்?”

“அப்ப யாருக்காக எழுதறீங்க?”

சான் இரினேயோவில் ஒரு பெட்டிக்கடைக்காரிக்காக என்று எப்படிச் சொல்வது? கடைசியில் சம்மதித்தார். ஆனால் வசனத்தைப் பேசிவிட்டு வெளியே போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

அதே மார்ச் இரண்டு, வியாழக்கிழமை வருகிறது. உங்கள் கணவரை ரேடியோ பக்கத்தில் உட்கார வையுங்கள். என்னைவிடப் பயந்தவளுக்காக எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். எனக்காகவும் எழுதினேனோ என்பதை இப்போது யோசிக்க விரும்பவில்லை.

உங்கள் கணவர் உயிரோடு இருக்கட்டும்.

நெ. ஆர்த்தெல்

*

மார்ச் 12

ஆர்த்தெல் ஐயா அவர்களுக்கு,

இதில் ஊர் பெயர் போடவில்லை, பதில் எழுத முகவரியும் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். இது வேறு தீவு என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும். உங்கள் கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நீதிபதி கேட்டார். அமாரோ சொன்னார்: “எனக்கு ஞாபகம் இல்லை, கனம் நீதிபதி அவர்களே.” அவ்வளவுதான், பசிங் வீட்டில் ரேடியோவை அணைத்தார்கள். அதற்கடுத்த வீட்டில் அணைத்தார்கள். விளக்கை ஊதி அணைப்பது மாதிரி ஒவ்வொரு வீடாகத் தெருக்கோடிவரை அணைந்துகொண்டே போனது. சோப்பு விளம்பரத்தை என் வீட்டு ரேடியோ மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார், எழுந்து போய்ச் சேவல்களுக்குத் தீனி வைத்தார். அந்த நிம்மதியை நான் எப்படி எழுதுவேன்! ஒரு நல்ல மனுஷன் பாழாய்ப் போனதைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

அப்போது ஜீப்பிலிருந்து குண்டன் இறங்கி ஓடிவந்தான்.

“அக்கா, கேட்டீங்களா? அந்த நாய் வெலை போயிட்டானே!”

“யா... யாரு தம்பி?”

“அமாரோ அக்கா! மூணு வருஷமா கேக்கறேன். எம் புள்ளைக்கு அவன் பேரைத்தான் வச்சிருக்கேன். இப்ப அவனை நான் என்ன சொல்லிக் கூப்பிடறது?”

“ஞாபகம் இல்லேன்னா அவரு என்னதான் பண்ணுவாரு?”

“ஞாபகம் இல்லையா? தோட்டா பையிலயே இருக்கே அக்கா!” அவன் கண் கலங்கியிருந்தது. என் கல்லா மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, குரல்கூட மாறாமல் கேட்டான்: “நாளைக்குக் கோர்ட்டு முடிஞ்சு அண்ணன் எத்தனை மணி பஸ்ஸுல திரும்புறாரு?”

சொன்னேன். வேறென்ன செய்வேன்? ஞாபகம் இல்லை என்றுதானே சொல்லப் போகிறார் என்று நினைத்துச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்கு நானும் போனேன். ரஃபா முன்வரிசையில் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவரைக் கூப்பிட்டார்கள். அன்று என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் களத்தில் நிற்பது மாதிரி இரண்டு கைகளையும் விரித்தார். இந்தக் கைப்பக்கம் இன்னார், அந்தக் கைப்பக்கம் இன்னார், யார் எந்தச் சேவலுக்கு, யார் உட்கார்ந்திருந்தார், யார் எழுந்தார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அவர் வாயில் பேர் வந்த ஒவ்வொருவனும் பெஞ்சில் குறுகினான். கடைசியில் வலது கையை மடக்கி, “சின்னவரு துப்பாக்கியை இந்தக் கையிலதான் எடுத்தாரு” என்றார்.

வக்கீல் எழுந்து, “இத்தனையும் எப்படிய்யா ஞாபகம் இருக்கு?” என்று நக்கலாகக் கேட்டார்.

“மறந்தா எனக்குத் தொழில் போயிரும் சார்.”

ஒருவரும் சிரிக்கவில்லை.

லூபோவின் மனைவியோடு வந்திருந்த கன்னியாஸ்திரீகள் எங்களைப் பின்பக்கமாகக் கூட்டிப்போய் மீன் ஏற்றும் லாரியில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். நான் சொன்ன பஸ் நேரத்துக்கு அந்த ஜீப் பஸ் நிலையத்தில் காத்திருந்ததாம். அன்று சாயந்தரமே எங்கள் கூரை எரிந்தது என்று பசிங் சொல்லி அனுப்பினாள். நாயை அவள் வைத்திருக்கிறாள். சேவல்களைப் பற்றிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இங்கே நாங்கள் கதவைத் தட்டும் சத்தம் கேட்டால் மூச்சை நிறுத்திக்கொள்கிறோம். வேறொருவர் பெயரில் இருக்கிறோம். எனக்கு வைத்த பெயர் இன்னும் வாயில் வரவில்லை. கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன். ரஃபாவை உள்ளே வைத்திருக்கிறார்கள் என்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை.

ஐயா, அந்த நல்ல பக்கத்தை என்னால் கிழித்தீர்கள். குண்டன் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: தோட்டா இன்னும் பையில்தான் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளை வேறு வழியாக வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு, அப்புறம் யோசியுங்கள். எழுதுங்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இங்கேயும் உங்கள் நிலையம் கேட்கிறது, கொரகொரவென்று.

நன்றியுடன்,
உங்களுக்குத் தெரிந்தவள்

பின்குறிப்பு: இதை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன், முடியவில்லை. லாரியில் போகும்போது இவரிடம் கேட்டேன்: “அமாரோவே ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டாரு, உனக்கு என்னய்யா வந்துது?”

“யாரு அமாரோ?”

“மூணு வருஷமா ரேடியோ பக்கத்துல கண்ணை மூடி உக்காந்து கேட்டியேய்யா!”

“யாரு கேட்டா? ஞாயித்துக்கிழமைப் பந்தயத்தை எல்லாம் மனசுக்குள்ள ஓட்டிப் பாப்பேன். அதுக்கு ஒரு அமைதி வேணும்.”

“ரேடியோ கத்துற எடத்துல என்னய்யா அமைதி?”

அவர் மீன் பெட்டியில் சாய்ந்துகொண்டார்.

“அந்த அரை மணி நேரந்தான் நீ பேசமாட்டே.”